இடி கேட்டால் களைக்கொட்டைக் கீழே வையுங்கள்

ஐப்பசி பிறந்தால் கரிசல் காட்டில் களையெடுப்பு மும்முரமாகிவிடும். விளாத்திகுளம், எட்டயபுரம், ஓட்டப்பிடாரம் பக்கத்து மானாவாரிக்காரர்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம். புரட்டாசியில் போட்ட உளுந்தும் பாசியும் கம்பும் தலைகாட்டும்போது களையும் கூடவே கிளம்பும். இடியும் மின்னலும் வருவது அதே மாதத்தில்தான். இந்த இரண்டையும் நாம் சேர்த்து யோசிப்பதில்லை. போன வருசம் வரைக்கும் நானும் யோசித்ததில்லை.

அன்றைக்கு என் காட்டில் ஒன்பது பெண்கள் நிரை பிடித்துக் களை எடுத்துக்கொண்டிருந்தார்கள். மதியம் மூணு மணி இருக்கும். "ஏய்யா, மேக்க இருட்டிக்கிட்டு வருது, இடியும் கேக்கு. ஏறிருவோமா?" என்று மூத்த ஆச்சி கேட்டார். "இன்னும் நாலு நிரைதான ஆச்சி, முடிச்சிட்டா நாளைக்கு வர வேண்டாம்லா" என்றேன். ஒரு சொட்டு மழை விழவில்லை. அந்தத் தைரியம் எனக்கு. பத்து நிமிசத்தில் பொழியில் நின்ற பனையில் இடி இறங்கியது. தூக்குச்சட்டிகளை வைத்திருந்தது அந்தப் பனை மூட்டில்தான். மழை வந்தால் நாங்கள் ஒதுங்குவதும் அங்கேதான். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அந்த ஆச்சி என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையை இன்னும் மறக்க முடியவில்லை.

எல்லாருக்கும் இப்படி வாய்க்காது. 2025 அக்டோபர் 16 அன்று கடலூர் மாவட்டம் வேப்பூர் அருகே கழுதூரில், மக்காச்சோளக் காட்டில் வேலை பார்த்த நான்கு பெண்கள் மின்னல் தாக்கி இறந்தார்கள். 2022ஆம் ஆண்டில் மட்டும் நாடு முழுக்க 2,887 பேர் மின்னலுக்குப் பலியானதாகத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் சொல்கிறது. இதில் பெரும்பகுதி கிராமத்து மக்கள்தான்.

மேகத்துக்குள் என்ன நடக்கிறது? வெயிலில் காய்ந்த நிலம் தன்மேல் உள்ள காற்றைச் சூடாக்குகிறது. கடலிலிருந்து ஈரக்காற்று வந்து சேர்கிறது. சூடான ஈரக்காற்று விறுவிறுவென்று மேலே ஏறி, பத்துப் பதினைந்து கிலோமீட்டர் உயரத்துக்கு மேகமாகக் கட்டுகிறது. அந்த உயரத்தில் நீர் பனிக்கட்டியாகிறது. பெரிய கட்டியும் சின்னத் துகளும் ஒன்றோடொன்று உரசி மின்னேற்றம் பிரிகிறது. மேகத்தின் மேல்பக்கம் நேர்மின்னும் அடிப்பக்கம் எதிர்மின்னும் சேர்ந்து, தாங்க முடியாத அளவு வந்ததும் பாய்கிறது. மின்னல் போகும் பாதையில் காற்று 30,000 டிகிரி வரை கொதித்து வெடிக்கிறது. அந்தச் சத்தம்தான் இடி.

இதே மேகம் காற்றாலும் அடிக்கும். மழையில் குளிர்ந்து கனத்த காற்று தொப்பென்று கீழே விழுந்து நாலாபக்கமும் சிதறும். ஸ்ரீவைகுண்டம், ஏரல் பக்கம் குலைதள்ளிய வாழையைக் கோடையில் சாய்த்துவிட்டுப் போகும் சூறைக்காற்று பெரும்பாலும் இதுதான். அமெரிக்கச் சமவெளியில் வீட்டையே தூக்குகிற டொர்னாடோ வேறு. உயரத்துக்கு உயரம் காற்றின் திசையும் வேகமும் மாறும்போது, மேலேறும் காற்றே சுழல ஆரம்பித்துத் தரையைத் தொடுவது அது. நம்ம பக்கம் அபூர்வம். கடலில் எப்போதாவது மேகத்திலிருந்து தும்பிக்கைபோல இறங்கும் நீர்த்தூண் அதற்குச் சின்ன உறவு. நமக்கு உயிர் ஆபத்து அதைவிட மின்னலில்தான் அதிகம்.

புயல் வந்தால் தூத்துக்குடி துறைமுகத்தில் கூண்டு ஏற்றுகிறார்கள். கடலுக்குப் போகாதீர்கள் என்று மீனவர்களுக்கு அறிவிப்பு வருகிறது. காட்டுக்குப் போகாதே என்று நமக்குக் கூண்டு ஏற்ற யாரும் இல்லை. நமக்கு இடிச்சத்தமே கூண்டு. மின்னலுக்கும் சத்தத்துக்கும் இடையில் 3 வினாடி என்றால் மின்னல் விழுந்தது சுமார் ஒரு கிலோமீட்டரில். 30 வினாடி என்றால் பத்துக் கிலோமீட்டரில். மழை பெய்யும் இடத்தைத் தாண்டியும் அவ்வளவு தூரம் மின்னல் பாயும். ஆகவே மழை வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது. இடி கேட்டதும் கிளம்ப வேண்டும். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழித்தே திரும்ப இறங்க வேண்டும்.

எங்கே போவது? காரை வீடு, கதவு மூடிய பஸ், வேன். பம்புசெட் அறை நல்ல கட்டடமாக இருந்தால் ஒதுங்கலாம். மோட்டார், ஸ்டார்ட்டர், குழாய் எதையும் தொடக் கூடாது. மரத்தடி, ஓலைக்கொட்டகை, நாலுபக்கமும் திறந்த தகரக் கொட்டகை, கம்பிவேலி ஓரம், டிராக்டர், பைக் எல்லாம் ஆபத்து. போக வழியே இல்லாவிட்டால் ஆளுக்கு ஆள் விலகி, பாதம் இரண்டையும் சேர்த்துக் குந்தி இருங்கள், படுக்காதீர்கள். மின்சாரம் தரைவழியாகவும் பரவும். ஆடுமாடுகள் ஒரே மரத்தடியில் கூட்டமாகச் சாவது இதனால்தான். கிடைபோடுகிறவர்கள் ஆட்டை மரத்தை ஒட்டி அடைக்காதீர்கள். அடிபட்டவர் உடம்பில் மின்சாரம் தங்காது. பயப்படாமல் தொட்டு, மூச்சு இல்லையென்றால் நெஞ்சை அழுத்திக்கொண்டே 108ஐக் கூப்பிடுங்கள்.

செல்போன் மின்னலை இழுக்கும் என்று அணைத்து வைக்கிறவர்கள் உண்டு. இழுக்காது. புனே வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனத்தின் 'தாமினி' செயலி, நம்மைச் சுற்றி 20, 40 கிலோமீட்டர் வட்டத்தில் மின்னல் விழுகிறதா என்று காட்டும். அதற்காகவாவது போன் உயிரோடு இருக்கட்டும்.

பனை இடியைத் தாங்கும் என்று நம் தோழர்கள் சொல்கிறார்கள். வங்கதேசத்திலும் ஒடிசாவிலும் அரசே அதற்காகப் பனை நட முன்வந்தது. நானும் நடுகிறேன். ஆனால் பனை தாங்குவது தன்மேல் விழும் இடியை. அதன் மூட்டில் நிற்கிற ஆளுக்கும் அது பாயும். பனை நடுவோம், அதன் கீழே ஒதுங்க வேண்டாம்.

இனி நமக்கு மட்டும் உரிய பொறுப்பு ஒன்று. களைக்கொல்லி அடிக்கிற காட்டில் ஒரு ஆள், ஒரு தெளிப்பான், அரை நாள். நம்ம காட்டில் பத்துப் பேர், மூணு நாள். மண்ணுக்கு விசம் வேண்டாம் என்று நாம் எடுத்த முடிவுக்காக வெட்டவெளியில் அதிக நேரம் நிற்பது அந்தப் பெண்கள். இடி கேட்டும் அவர்கள் ஏறாததற்கு அறியாமை காரணமில்லை. ஏறினால் கூலியில் பிடிப்பார்கள் என்ற பயம். மழைக்காலத்தில் வேலையில்லாத உப்பளத் தொழிலாளர்களுக்கு அரசு 5,000 ரூபாய் நிவாரணம் தருகிறது. வானம் வேலையை நிறுத்தினாலும் வயிறு நிற்காது என்கிற நியாயம்தானே அது? அந்த நியாயம் நம்ம காட்டுக்கும் பொருந்தும்.

நம் அமைப்பு அரசிடம் கேட்க வேண்டியது உண்டு: களத்துமேடுகளிலும் உப்பளங்களிலும் இடிதாங்கி வைத்த காரை அறைகள். அதைக் கேட்போம். அதற்கு முன்னால் நம் கையில் இருப்பதைச் செய்வோம். என் காட்டில் இப்போது ஒரு வழக்கம்: இடி கேட்டதும் யாரும் என்னைக் கேட்க வேண்டாம், ஏறிவிடலாம். முழுக் கூலி உண்டு. இந்த ஐப்பசியில் இரண்டு தடவை பாதியில் ஏறினார்கள். ஒரு நாள் கூலி கூடுதலாகச் செலவாகியிருக்கும். களை மறுநாளும் அங்கேயே இருந்தது. ஒன்பது பேரும் வந்து எடுத்தார்கள்.