தாலி ஏறும்வரைதானா வாள்?

அல்லியின் மதுரையில் ஆண்கள் வைத்தது சட்டமில்லை. அரியணை அவளுடையது, படையும் அவளுடையது. புகழேந்திப் புலவர் பெயரில் வழங்கும் ‘அல்லி அரசாணி மாலை’ அவள் வீரத்தைப் பாடி ஓய்வதில்லை. அப்பேர்ப்பட்டவளை அர்ஜுனன் எப்படி மடக்கினான்? பாம்பாக உருமாறி அவள் படுக்கையறைக்குள் புகுந்து, தூங்கிக்கொண்டிருந்தவளின் கழுத்தில் தாலியைக் கட்டிவிட்டான். பெரிய எழுத்துப் புத்தகமாகத் தலைமுறை தலைமுறையாக வாசிக்கப்பட்ட கதை இது. காண்டீபம் ஏந்தியவனுக்கு இது ஒரு வெற்றியா என்று கேட்டவர்கள் குறைவு.

1200-ஐ ஒட்டி எழுதப்பட்ட ஜெர்மானியக் காவியம் ‘நிபெலுங்கன்லீட்’. ஈட்டி எறிவதிலும் கல் எறிவதிலும் தாண்டுவதிலும் தன்னை ஜெயிப்பவனுக்கே கழுத்தை நீட்டுவேன் என்கிறாள் அதில் வரும் அரசி புரூன்ஹில்ட். அவளை மணக்க வந்த மன்னன் குந்தர் ஜெயித்ததாகப் பேர். மாயப் போர்வைக்குள் ஒளிந்து நின்று உண்மையில் ஜெயித்தவன் சீக்ஃபிரீட். முதலிரவில் நெருங்கிய மாப்பிள்ளையின் கைகால்களைத் தன் இடுப்புக் கச்சையால் கட்டி, சுவரில் இருந்த ஆணியில் தொங்கவிடுகிறாள் அவள். விடியும்வரை தொங்குகிறான் மன்னன். அடுத்த இரவு மறுபடியும் சீக்ஃபிரீட் இருட்டில் வந்து அவளை அடக்க, குந்தரோடு கூடியதும் அவளுடைய அசாத்திய பலம் மொத்தமும் போய்விடுகிறது.

கடல் கடந்தும் சூழ்ச்சி மாறவில்லை. ஜல்லிக்கட்டில் காளையின் சீற்றத்தை எவ்வளவு ஏற்றிச் சொல்கிறோமோ, அவ்வளவுக்குப் பிடித்தவனின் பெருமை ஏறும். இளவரசியின் வீரமும் பெரும்பாலும் மாப்பிள்ளையின் கணக்கில் வரவு வைக்கப்படுவதற்காகவே வளர்க்கப்படுகிறது.

சினிமா இதைக் கொஞ்சமும் மாற்றிக்கொள்ளவில்லை. ‘பாகுபலி’யின் (2015) அவந்திகா ஆயுதமேந்திய போராளி. நாயகன் அவளோடு மல்லுக்கட்டி, கூந்தலை அவிழ்த்து, ஆடையைத் திருத்தி, உதட்டில் சாயம் பூசி ‘பெண்’ணாக்குகிறான், காதல் பிறந்துவிடுகிறது. இரண்டாம் பாகத்தில் அவளைத் தேடித்தான் பார்க்க வேண்டும். தேவசேனா பரவாயில்லை. கல்யாணத்துக்குப் பிறகும், பெண்களைச் சீண்டியவனின் விரல்களை வெட்டுகிறாள். அதற்கு ஈடாகவோ என்னவோ, கதை அவளை இருபத்தைந்து ஆண்டுகள் சங்கிலியில் கட்டிப்போடுகிறது.

சரித்திரத்தில் நடந்ததோ தலைகீழ். காளையார்கோவிலில் 1772-இல் கணவர் முத்துவடுகநாதர் கொல்லப்பட்ட பிறகே வேலு நாச்சியார் படை திரட்டி, 1780-இல் சிவகங்கையை மீட்டார். கித்தூர் சென்னம்மா 1824-இல் கம்பெனிப் படையை எதிர்த்தபோது கணவர் உயிரோடு இல்லை. ஜான்சி லட்சுமிபாயும் கைம்பெண்ணாகவே களம் கண்டார். கதாசிரியர்கள் கன்னிகளின் கையில் வாளைக் கொடுத்துத் தாலியோடு வாங்கிக்கொண்டார்கள். நிஜத்தில் தாலி இழந்தவர்கள் படை நடத்தினார்கள். கணவனை இழந்த நடுவயதுப் பெண்ணை வீரநாயகியாக்கக் கற்பனைக்கு ஏனோ அவ்வளவு தயக்கம்.

மதுரை மீனாட்சியான தடாதகைப் பிராட்டியின் கதையும் மேலுக்கு இதே தடத்தில்தான் போகிறது. எட்டுத் திக்கும் வென்றவள், கயிலையில் சிவனைக் கண்டதும் மூன்றாவது தனம் மறைய நாணி நிற்கிறாள். ஆனால் மதுரைக்காரர்கள் கதையை அங்கேயே விட்டுவிடவில்லை. சித்திரைத் திருவிழாவின் எட்டாம் நாள் மீனாட்சிக்குப் பட்டாபிஷேகம், ஒன்பதாம் நாள் திக்விஜயம், பத்தாம் நாள்தான் திருக்கல்யாணம். கல்யாணம் முடிந்தாலும் செங்கோல் கைமாறுவதில்லை. ஆவணியில் சொக்கநாதருக்கு முடிசூட்டும்வரை ஆட்சி அம்மனுடையதே. புராணம் எழுதிய புலவரைவிடத் திருவிழா நடத்தும் ஊருக்கு அவளை நன்றாகத் தெரிந்திருக்கிறது.

இன்றைய சந்தைக்கு அந்தப் பெருந்தன்மை கிடையாது. பிக்ஸாரின் ‘பிரேவ்’ (2012) படத்தில் மெரிடா, தன் கரம்பிடிக்க நடக்கும் வில் போட்டியில் தானே இறங்கி ஜெயிக்கிறாள். யாரையும் மணக்காமலே படம் முடிகிறது. மறு ஆண்டே டிஸ்னி அவளைத் தன் இளவரசிகள் வரிசையில் சேர்த்தது. அதற்காக வரைந்த படத்தில் இடுப்பு சிறுத்தது, கழுத்துப் பட்டி இறங்கியது, வில்லைக் காணோம். அவளை உருவாக்கிய பிரெண்டா சாப்மன் வெளிப்படையாகவே கண்டித்தார். பழைய மெரிடாவே வேண்டும் என்ற மனுவில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் கையெழுத்திட்டார்கள்.