யார் ஊர்க்காரன்? யார் வந்தேறி?

வீரபாண்டியில் பல்லடம் ரோட்டோரத்து டீக்கடைகளில் கொஞ்ச நாளாய் ஒரு பேச்சு அடிபடுகிறது. “வடக்கன்கள் வந்து ஊரே கெட்டுவிட்டது. இது நம் மண். மண்ணின் மைந்தர்களாகிய நாம் இதற்கொரு வழி செய்ய வேண்டும்” என்பதே அப்பேச்சு. இப்படிப் பேசுகிறவர்களில் சிலர் நம் இயக்கத்தின் பேரையும் துணைக்கு இழுத்துக்கொள்வதால், இதைப் பற்றி நாலு வார்த்தை எழுத வேண்டியதாயிற்று.

முதலாவது, இந்த மண் என்பது என்ன? வெள்ளியங்கிரி மலையில் பிறந்து, கோவை, திருப்பூர் வழியாய் ஓடி, கரூர்ப் பக்கம் காவிரியில் சேருகிற நொய்யல் ஆற்றுச் சீமை இது. இதற்கு மேற்கே மலைத்தொடர் அறுந்து, சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்குப் பாலக்காட்டுக் கணவாய் வாசல் போலத் திறந்து கிடக்கிறது. அந்த வாசலில் காற்று வருவது போலவே மனிதனும் வந்தான், போனான். நொய்யல் கரைக் கொடுமணலைத் தோண்டியபோது, ரோமாபுரி வியாபாரத்தைக் காட்டும் மணிக் கற்களும், தமிழ் எழுத்தில் வடநாட்டுப் பிராகிருதப் பெயர்கள் கீறிய பானை ஓடுகளும் கிடைத்தன. அதாவது 2000 வருஷத்துக்கு முன்னரே வடக்கத்திப் பேர்க்காரன் இந்த ஆற்றங்கரையில் தன் பேரெழுதிய பானையில் சோறு தின்றிருக்கிறான்!

பிறகு வந்தவர்களையும் எண்ணிப் பாருங்கள். தறி நெய்கிற தேவாங்கர் வீட்டில் கன்னடமும் தெலுங்கும். அருந்ததியர் பலர் வீட்டில் தெலுங்கு. நாயக்கர் வீட்டில் தெலுங்கு. ஒக்கலிகர் வீட்டில் கன்னடம். முஸ்லிம்களில் ஒரு சாராருக்கு உருது. பின்னால் மதுரை, தேனி, ராமநாதபுரம் ஜில்லாக்களிலிருந்து பனியன் வேலைக்கு வந்தவர்கள் எத்தனையோ பேர். ஈரோட்டுப் பெரியாரே தம்மைக் கன்னடக்காரர் என்று சொன்னவர். இவர்களையெல்லாம் கழித்துவிட்டால் பாக்கி நிற்கிற மைந்தர் யார்? ருஷியாவில் காஸ்பியன் கடலோரத்துத் தாகெஸ்தானில் அவார், தார்கின், குமிக், லெஸ்கி என்று 30க்கு மேற்பட்ட மொழி பேசும் ஜனங்கள் இருக்கிறார்கள். எந்த ஒரு கூட்டமும் பாதிக்கு மேல் இல்லை. அங்கே மலை ஜனங்களைப் பிரித்து வைத்தது. இங்கே கணவாய் சேர்த்து வைத்தது. சேர்ந்ததைப் பிரிப்பதா கெட்டிக்காரத்தனம்?

நிற்க. “அவன் குறைந்த கூலிக்கு வந்து நம் வயிற்றில் அடிக்கிறான்” என்கிறார்கள். கூலியைக் குறைப்பவன் யார்? வாங்குகிறவனா, கொடுக்கிறவனா? வெளிமாகாணத் தொழிலாளிக்கு, ஒரே வேலைக்கு உள்ளூர்க்காரனுக்குக் குறையாத கூலி கொடுக்க வேண்டுமென்று 1979லேயே சட்டம் எழுதினார்கள். அதை நடத்திக் காட்டும்படி முதலாளியையும் சர்க்காரையும் கேட்காமல், லைன் வீட்டில் பத்துப் பேரோடு படுத்துக் கிடக்கிறவனிடம் வீரம் காட்டுவது என்ன யோக்கியதை? கையுள்ள இருவரும் சண்டை பிடித்தால் லாபம் மூன்றாமவனுக்கே.

“அவன் ஹிந்தியைக் கொண்டு வருகிறான்” என்கிறார்கள். 1938ல் நாம் எதிர்த்தது பள்ளிக்கூடத்தில் ஹிந்தியைத் திணித்த சர்க்காரையே தவிர, பிழைக்க வந்த ஏழையை அல்ல. வருகிறவனில் பலருக்கு ஹிந்தி தாய்மொழியுமல்ல. பீகாரியின் வீட்டில் போஜ்புரி, மைதிலி, மகஹி, ஒரிசாக்காரனுக்கு ஒடியா, ஜார்க்கண்டு மலைஜாதியானுக்குச் சந்தாலி. அவன் பாஷையை ஹிந்தி விழுங்கியதுபோல் நம்முடையதையும் விழுங்கப் பார்த்ததைத்தான் நாம் எதிர்த்தோம். அவன் நமக்குச் சாட்சியே ஒழிய, சத்துரு அல்ல.

நாம் பிறத்தியார் சீமைக்குப் போகவில்லையா? இலங்கைத் தேயிலைக் காட்டை உண்டாக்கிய தமிழனை 1948ம் வருஷத்துப் பிரஜா உரிமைச் சட்டம் நாடற்றவனாக்கியது. அப்போது நமக்கு எரிந்த வயிறு இப்போது மட்டும் ஏன் குளிர்ந்திருக்கிறது? 2023 மார்ச்சில், பீகாரிகளை இங்கே வெட்டுகிறார்கள் என்று பொய்ப் படங்களைப் பரப்பியதும், இங்குள்ள பீகாரிகளுக்குக் கிலி பிடித்தது. அந்த மாகாணத்து அதிகாரிகள் திருப்பூருக்கே வந்து விசாரிக்கும்படி ஆயிற்று. டீக்கடையில் வாய்க்கு வந்ததைப் பேசிக் கொண்டிருந்தால், நாளைக்குப் பொய்க்குப் படம் தேட வேண்டியதில்லை!

கடைசியாக ஒன்று. டீக்கடையில் ‘நாம் தமிழர்’ என்று மார் தட்டுகிறவன், வாடகைக்கு வீடு கேட்டால் “என்ன ஜாதி?” என்கிறான், பெண் கேட்டால் அரிவாளைத் தேடுகிறான். 2016 மார்ச்சில் இதே ஜில்லாவின் உடுமலைப்பேட்டையில், ஜாதி விட்டு மணந்த தாழ்த்தப்பட்ட வாலிபனைப் பட்டப்பகலில் நடுரோட்டில் வெட்டிக் கொன்றார்களே, வெட்டியவர்கள் எந்த வடநாட்டு ரயிலில் வந்திறங்கினார்கள்?

தோழர்களே! வந்தேறி ஒன்று உண்டு. அதன் பேர் ஜாதி. அதை விரட்ட வருகிறவர்கள் வாருங்கள். அதற்குத் துணிவில்லாதவர்கள் மண்ணைப் பற்றிப் பேசாமலிருப்பது மண்ணுக்காவது மரியாதை.