நீர்மேல் விழாவும் நெறிமுறையும்

நிலத்தின்மேல் நிகழும் ஊர்வலம் வேறு. நீரின்மேல் நிகழும் ஊர்வலம் வேறு. வீதியிலே தேர் தடுமாறின் முட்டுக்கட்டை இடுவோர் உளர், வடம் பிடிப்போர் நிற்பர், மக்கள் ஒதுங்குவர். நீரிலோ நிற்றல் என்பதொன்று இல்லை. இயந்திரத்தை நிறுத்திய பின்னரும் படகு தன் வேகத்தால் முன்னே செல்லும். காற்று ஒரு பக்கம் தள்ளும். நீரோட்டம் மற்றொரு பக்கம் இழுக்கும். வீதியில் இடறி வீழ்ந்தவன் எழுந்து நடப்பான். நீரில் வீழ்ந்தவனுக்கோ காலூன்ற இடமில்லை. இவ்வேற்றுமையை நன்கு அறிந்தும், நம்மவர் நீர்மேல் விழா எடுக்குங்கால் வீதி விழாவின் பழக்கத்தையே துணையாகக் கொண்டு இறங்குகின்றனர். மாலைக்கும் மின்விளக்குக்கும் ஒலிபெருக்கிக்கும் பல நாள் முன்னரே ஆயத்தம் செய்வோர், எந்தப் படகு எந்தப் பக்கமாகச் செல்லும், எவர் சொல்ல எவர் கேட்பர் என்பவற்றை விழாவன்று கரையிலே நின்று தீர்மானிக்கின்றனர். இம்முறை மாறல் வேண்டும் என்பதே யாம் ஈண்டுக் கூறப் புகுந்த பொருள்.

கல்லூரியின் விழா மலரிலே படகைப் பற்றிய பேச்சு எதற்கு எனச் சிலர் வினவலாம். நம் பிள்ளைகள் நீரோடு பிறந்து நீரோடு வளர்பவர் என்பதே விடை. கிழக்கே கடல், மேற்கே, கல்முனையிலிருந்து வடக்கு நோக்கி ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கும் மட்டக்களப்பு வாவி. நம் வழிபாடும் கொண்டாட்டமும் இவ்விரு நீர்களையும் தழுவியே வந்துள்ளன. ஆவணித் திங்களில் மண்டூர்க் கந்தசுவாமி கோயிலின் தீர்த்தத்துக்குச் செல்லும் எழுவான்கரை அடியாரை, குருமண்வெளித் துறையிலிருந்து ஓடமும் பாதையும் நெடுங்காலமாக ஏற்றிச் சென்றுவந்துள்ளன. மண்முனையில் 2014 ஆம் ஆண்டு பாலம் திறக்கப்படும்வரை, கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீச்சரத்துக்குச் சென்ற அடியார் பலரும் அவ்வாறே துறையைக் கடந்தனர். கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளியிலே கொடியேற்றிச் சிறப்பிக்கப்படும் நாகூர் ஆண்டகையோ, கடலோடிகளின் காவலரென இரு கரையாராலும் போற்றப்படுபவர். பெருநாளிலும் தைப்பொங்கலிலும் புத்தாண்டிலும் குடும்பத்தோடு படகேறி உலாவச் செல்வோர் தொகை ஆண்டுதோறும் பெருகுகின்றது. ஆகவே இப்பொருள் நமக்குப் புறம்பானதன்று.

நீர் செய்யும் கொடுமையை இக்கரையார்க்கு எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. 2004 ஆம் ஆண்டு டிசெம்பர் 26 ஆம் நாள் ஆழிப்பேரலை அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோரைக் கொண்டுபோயிற்று. 2024 ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில், காரைதீவுக்கும் மாவடிப்பள்ளிக்கும் இடையே வீதியை மூடிப் பாய்ந்த வெள்ளத்தில் உழவு இயந்திரம் கவிழ, அதில் வந்த மத்ரசா மாணவர் பலர் மாண்டனர். முன்னையது மனிதரால் தடுக்க இயலாதது. பின்னையதைக் குறித்துச் சிந்திப்போர், வெள்ளத்தை நிறுத்த இயலாதாயினும் அதனுள் வண்டியைச் செலுத்தாது நிறுத்த இயலும் என்பதை உணர்வர். விழாநாட் படகு விபத்துக்களோ முற்றிலும் இப்பின்னை வகையைச் சார்ந்தவை. அவற்றுள் ஊழின் பங்கு சிறிது; நம் பங்கே பெரிது.

சில நிகழ்ச்சிகளை நோக்குக. 1924 ஆம் ஆண்டு சனவரி 16 ஆம் நாள் கேரளத்துப் பல்லனை ஆற்றிலே ‘ரெடீமர்’ என்னும் படகு கவிழ்ந்து, மலையாளப் பெருங்கவிஞர் குமாரன் ஆசான் உயிர் துறந்தார். திருவனந்தபுரத்து முறைசெபப் பெருவிழாக் கண்டு திரும்பியோர் அப்படகிலே அளவுக்கு மிஞ்சி ஏறியிருந்தனர். 2009 ஆம் ஆண்டு செப்டெம்பர் 30 ஆம் நாள் தேக்கடி ஏரியில், கரையில் நின்ற விலங்குகளைக் காணும் ஆவலால் உல்லாசப் பயணிகள் ஒரே பக்கம் சாய்ந்தபோது இரண்டடுக்குப் படகு கவிழ்ந்து 45 பேர் மாண்டனர். 2011 ஆம் ஆண்டு நத்தார் தினத்தன்று சென்னைக்கு வடக்கேயுள்ள பழவேற்காட்டு ஏரியில், உலாவச் சென்றோர் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தனர். மலப்புறத்துத் தானூரில் 2023 ஆம் ஆண்டு மே 7 ஆம் நாள், மீன்பிடி படகொன்றை மாற்றியமைத்துச் செய்த உல்லாசப் படகு, பொழுது சாய்ந்த பின்னரும் ஏற்றக்கூடியதினும் மிகுதியானோரை ஏற்றிச் சென்று கவிழ்ந்தது. அங்கும் இறந்தோர் 22 பேர். அவர்களுட் சிறுவர் பலர். நம் மாகாணத்திலேயே, கிண்ணியாவின் குறிஞ்சாக்கேணியில், பாலம் கட்டி முடியுமுன் தற்காலிகமாக ஓடிய மிதப்புப் பாதை 2021 ஆம் ஆண்டு நவம்பர் 23 ஆம் நாள் காலை கவிழ்ந்து பள்ளிப் பிள்ளைகளைப் பலிகொண்டது.

இவற்றுள் எதனையும் புயல் கவிழ்க்கவில்லை. மிகுதியான ஆட்கள், ஒரு பக்கச் சாய்வு, வேறு தொழிலுக்கென அமைந்த படகு, இருள், மிதவையங்கி இன்மை ஆகிய இவையே திரும்பத் திரும்ப வரும் காரணங்கள். இவை ஐந்தும் விழாநாளிலே ஒருங்கு கூடுகின்றன என்பதுதான் அஞ்சத்தக்கது. அன்றுதான் கூட்டம் மிகுதி. அன்றுதான் மீன்பிடி தோணி ஆளேற்றும் தோணியாகின்றது. அன்றுதான் நீரறியாதார் நீரில் இறங்குகின்றனர். அன்றுதான் சுவாமி எழுந்தருளும் தெப்பத்தைக் காண எல்லோரும் ஒரே பக்கம் எழுந்து நிற்கின்றனர். எழுந்து நிற்பதனால் படகின் பாரம் மேலேறுகின்றது. மேலேறிய பாரம் சிறு சாய்வையும் பெருஞ்சாய்வாக்குகின்றது. அடித்தட்டில் தேங்கிய நீரும் அச்சாய்வின் பக்கமே ஓடிச் சேர்ந்து கவிழ்ப்பதற்குத் துணைநிற்கின்றது.

செல்வம் மிக்க நகரங்களும் இதற்கு விலக்கல்ல. 2012 ஆம் ஆண்டு அக்டோபர் 1 ஆம் நாள், ஹொங்கொங்கில் தேசிய தின வாணவேடிக்கை காண மக்களை ஏற்றிச் சென்ற கலம் ஒன்று மற்றொரு பயணக் கலத்தோடு மோதி மூழ்கிற்று. 39 பேர் இறந்தனர். அக்கலத்திலே சிறுவர்க்கேற்ற மிதவையங்கிகள் இருக்கவில்லை என்பது விசாரணையில் வெளிவந்தது. பெரியோர்க்கான அங்கி சிறு பிள்ளையின் தலைவழியே நழுவிவிடும். அங்கி உண்டு என்பது போதாது. அளவுக்கேற்ற அங்கி உண்டா என்று கேட்டல் வேண்டும். அதே ஆண்டு சூன் 3 ஆம் நாள், எலிசபெத் அரசியாரின் வைர விழாவுக்காக இலண்டன் தேம்ஸ் நதியில் அறுநூற்றுக்கு மேற்பட்ட கலங்கள் அணிவகுத்துச் சென்றன. ஆற்றிலே வேறு போக்குவரத்து நிறுத்தப்பட்டது. அணி மெல்லென நகர வேண்டும் என்று வேகம் வரையறுக்கப்பட்டது. கடலேற்றத்தைத் தடுக்கும் பெருங்கதவுகளை மூடி நீரோட்டத்தையே தணித்தனர். ஆலப்புழையின் புன்னமடைக் காயலில் 1952 ஆம் ஆண்டு நேரு அவர்கள் வருகையின்போது தொடங்கிய வள்ளப் போட்டியிலும், ஓடுபாதை குறிக்கப்பட்டு ஏனைய படகுகள் அதனின்றும் விலக்கப்படுகின்றன. அவர்களுடைய பொருள்வளம் நமக்கு இல்லை. அவர்களுடைய முறையைக் கொள்வதற்கு அவ்வளவு பொருள் வேண்டியதுமில்லை.

நமக்கு ஏற்ற முறை யாது? முதலாவது, கரையிலே ஒருவர் தலைமை கொள்ளல். தருமகர்த்தா ஒன்று சொல்ல, பொலிசார் மற்றொன்று சொல்ல, ஓடக்காரர் தத்தம் எண்ணப்படி செலுத்துதல் ஆகாது. நீரறிந்த மூத்த மீனவர் ஒருவரைத் தலைவராக்கி, படகை நிறுத்தும் அதிகாரத்தை விழாச் சபையார் அவருக்கு முன்கூட்டியே வழங்குதல் வேண்டும். காற்று மாறுகின்றது என அவர் கூறின், மேளம் முழங்கிக்கொண்டிருப்பினும் தெப்பம் கரைக்குத் திரும்ப வேண்டியதே.

இரண்டாவது, திசை ஒழுங்கு. நம் நாட்டு வீதிகளில் இடப்பக்கம் செல்லுதல் விதி. நீரிலோ, 1972 ஆம் ஆண்டின் அனைத்துலக மோதல் தவிர்ப்பு விதிகளின்படி, ஒடுங்கிய வழியிற் செல்லும் கலம் வலப்பக்கக் கரையை அணைந்து செல்லல் வேண்டும். நேரெதிரே வரும் இரு இயந்திரக் கலங்களும் தத்தம் வலப்பக்கமே திரும்பல் வேண்டும். விழாநாளில் மட்டும் இயந்திரத்தைக் கையிலெடுக்கும் இளைஞன், மோட்டார்ச் சைக்கிளிற் பழகிய கைப்படி இடப்பக்கம் திருப்புவான். எதிரே வரும் பழகிய ஓடக்காரர் வலப்பக்கம் திருப்புவார். இருவரும் ஒரே இடத்திற் சந்திப்பர். எனவே போக ஒரு வழி, வர ஒரு வழி என மிதவைகளால் எல்லையிட்டு, தெப்பத்தைச் சுற்றிப் பிற படகு அணுகாத வெளியொன்றும் விடல் வேண்டும்.

மூன்றாவது, ஒளியும் ஒலியும். கலத்தின் இடப்பக்கம் சிவப்பு விளக்கும் வலப்பக்கம் பச்சை விளக்கும் எரிதல் கடல் வழக்கு. அலங்காரத்துக்கெனச் சிவப்பும் பச்சையும் எங்கும் தொங்கவிட்டால், எதிரே வரும் கலம் எப்பக்கம் திரும்புகின்றது என்று எவரும் அறியார். அலங்கார விளக்கு மஞ்சளாகவோ வெண்மையாகவோ அமைவதனால் அழகு குறைந்துவிடாது. ஊதுகுழலின் ஒரு சிற்றொலி வலம் திரும்புவதையும், இரண்டு இடம் திரும்புவதையும், மூன்று இயந்திரம் பின்னோக்கி இயங்குவதையும், விரைந்தொலிக்கும் ஐந்து ஐயத்தையும் ஆபத்தையும் குறிக்கும். ஒலிபெருக்கி ஓயாது முழங்குமாயின் இக்குறிகள் எவர் செவியிலும் விழா. தெப்பம் அசையும் வேளையிலாயினும் அது அடங்கியிருத்தல் நன்று.

நான்காவது, துறையைக் காத்தல். 2010 ஆம் ஆண்டு கம்போடியாவின் புனோம் பென் நகரில் நீர்த் திருவிழாவன்று முந்நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தனர். அவர்கள் மாண்டது படகிலன்று, கூட்டம் நெருக்கிய பாலத்திலே. நம் துறைகளிலும் ஏறுமிடமும் இறங்குமிடமும் வேறாக இருத்தல் வேண்டும். ஏறுவோரை எண்ணி எழுதுதல் வேண்டும். எண்ணாது ஏற்றிய படகில் எவரைக் காணோம் என்பதும் தெரியாது.

இனி, இவ்வொழுங்குக்கு எதிராக எழும் வாதங்களுள் வலிமை மிக்கது ஒன்று உண்டு. அது ஓடக்காரரின் வயிறு. ஆண்டு முழுதும் நீரோடு போராடும் ஏழைக்கு விழாநாளொன்றிலேதான் நாலு பணம் கையிற் சேர்கின்றது. பத்துப் பேருக்கு மேல் ஏற்றாதே என்போர், பதினொன்றாமவர் தரும் கூலியை அவருக்கு எவர் கொடுப்பர் என்றும் சொல்லல் வேண்டும். இதனைக் கேளாது சட்டம் மட்டும் பேசுவோர் பேச்சை ஓடக்காரர் மதியார். மதியாமையிற் குற்றமும் இல்லை. தலைக்கு இவ்வளவு எனக் கூலி பேசும்வரை படகு நிரம்பி வழிவதே இயல்பு. விழாச் சபையாரே படகுகளை அமர்த்தி, ஆள் எத்தனையாயினும் ஒரு நடைக்கு இவ்வளவு என முழுக்கூலியும் கொடுப்பாராயின், மிகுதியாய் ஏற்றுவதனால் ஓடக்காரருக்கு ஊதியம் ஒன்றும் இல்லை. அச்செலவு மின் அலங்காரச் செலவில் ஒரு பகுதியாகவே இருக்கும். பாதுகாப்பின் விலையை ஏழையின் மடியிலிருந்து எடுத்தல் அறமன்று. விழாவின் பொதுப்பணத்திலிருந்து எடுத்தலே அறம்.

இரண்டாவது வாதம், இறைவன் காப்பான் என்பது. காப்பான் என்பதில் எமக்கும் ஐயமில்லை. ஆயினும் சுவாமியைத் தெப்பத்தில் ஏற்றுங்கால் கயிறு கட்டியே ஏற்றுகின்றோம். கடலோடிகளின் காவலரை வேண்டிக்கொண்டு புறப்படும் மீனவரும் நங்கூரத்தைக் கரையில் விட்டுச் செல்வதில்லை. திருவுருவத்துக்குக் கயிறு வேண்டுமென்றால் பிள்ளைக்கு மிதவையங்கி வேண்டாமா? பட்டுடையின் அழகு கெடும் என்பார்க்கு விடை கூற வேண்டுவதேயில்லை.

பழைய மாணவர்களுக்கு எம் வேண்டுகோள் இது: விழா ஆண்டின் நினைவாகக் கட்டடமும் கல்வெட்டும் எழுதலாம், அவற்றோடு மூன்று காரியங்களும் நடைபெறுக. பெரியோர்க்கும் சிறியோர்க்கும் தனித்தனி அளவில் மிதவையங்கிகள் வாங்கி ஓரிடத்தில் வைக்க. கோயிலுக்கொன்று, பள்ளிவாசலுக்கொன்று, தேவாலயத்துக்கொன்று என வேண்டியதில்லை. விழாநாட்கள் பெரும்பாலும் வேறு வேறாதலின் ஒரு களஞ்சியமே எல்லார்க்கும் உதவும். நீரில் வீழ்ந்தவரின் சமயத்தை நீர் கேட்பதில்லை. மீட்கப் பாய்பவனும் கேட்பதில்லை. அடுத்து, நம் மாணவரிலும் அயற் பாடசாலை மாணவரிலும் தேர்ந்து, கடற்படையினரதும் கரையோரப் பாதுகாப்புப் படையினரதும் துணையோடு பயிற்றி, நீர்த்தொண்டர் அணியொன்று அமைக்க. மூன்றாவதாக, ஆணும் பெண்ணும் ஆகிய எல்லாப் பிள்ளைகளும் நீந்தக் கற்க வழிசெய்க. கடலுக்கும் வாவிக்கும் நடுவே வாழ்ந்தும் நீந்தல் அறியாது பாடசாலையை விட்டு நீங்கும் பிள்ளை, கற்கவேண்டிய ஒரு பாடத்தைக் கல்லாதே செல்கின்றது.

தமிழ் மொழியிலே தெப்பம், புணை, ஓடம், தோணி, வள்ளம், நாவாய், வங்கம் என நீர்க்கலங்களுக்குப் பெயர்கள் பல. இவற்றை மாணவர்க்கு ஓதுங்கால், நீரை ஆண்ட மக்களின் வழியினர் நாம் என்று பெருமை பேசுகின்றோம். அம்முன்னோர் நீரை ஆண்டது துணிவினால் மட்டும் அன்று; காற்றின் குறியும் நீரின் போக்கும் கலத்தின் கொள்ளளவும் அறிந்து அடங்கி ஒழுகியதனாலேயே. அவ்வறிவும் அடக்கமும் நம் விழாக்களிலும் விளங்குவனவாக. விழாக் காணச் சென்ற எல்லாரும் விழா முடிந்து வீடு திரும்புக.