ஏரிக்கரைக் கொட்டகையும் நாம் கேட்கும் விலக்கும்

சேலம், நாமக்கல் சமவெளியில் ஏரியை ஒட்டிப் பட்டா நிலம் வைத்திருப்போர் பலர். கோழித் தீவன மூட்டைகளையும் மோட்டாரையும் குழாய்களையும் மழையில் நனையாமல் வைக்க ஒரு கொட்டகை வேண்டும் என்பது அவர்களுக்கு ஆடம்பரமன்று, தேவை. கட்டட விதி குறுக்கே நிற்கும்போது, 'எனக்கு மட்டும் விலக்குத் தாருங்கள்' என்று அரசிடம் கேட்பது முறையா?

கேட்பது குற்றமன்று. 1971ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம், 113ஆம் பிரிவின் வழியே, எந்த நிலத்துக்கும் கட்டடத்துக்கும் விலக்களிக்கும் அதிகாரத்தை அரசுக்குத் தருகிறது. அவ்வாறு அளிக்கப்பட்ட 62 விலக்கு ஆணைகளை எதிர்த்து ஒரு நுகர்வோர் அமைப்பு தொடுத்த வழக்கில், 2000ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பிரிவு செல்லும், ஆனால் அந்த ஆணைகள் செல்லா என்றது. சட்டத்தின் நோக்கத்துக்குத் துணைசெய்யாத, தக்க காரணம் காட்டாத விலக்கு வெறும் சலுகையே என்பது அதன் சாரம்.

நம் ஃபிக்ஹு நூல்கள் இதனினும் நுட்பமான ஓர் அளவுகோலைத் தருகின்றன. கிணறு, ஊற்று, ஆறு ஆகியவற்றைச் சுற்றி விடவேண்டிய பாதுகாப்பு எல்லைக்கு 'ஹரீம்' என்று பெயர். கிணற்றுக்கு 40 முழம் என்று ஹதீஸ் அறிவிப்பு உண்டு. கால்நடை நீரருந்தவும், தூர்வாரவும், நீர் மாசுபடாதிருக்கவும் அவ்விடம் வேண்டும். அதை ஒருவர் தமக்கென அடைத்துக்கொள்ள இயலாது. அது நீரைப் பயன்படுத்துவோர் அனைவரின் உரிமை.

நம் ஏரிகளுக்கு இது முற்றிலும் பொருந்தும். சேர்வராயன் மலையில் பிறக்கும் திருமணிமுத்தாறு சேலம் நகர் வழியே ஓடி, நாமக்கல் மாவட்டத்தில் காவிரியைச் சேர்கிறது. இச்சமவெளியில் மேல் ஏரி நிரம்பிக் கலங்கு வழியே வழியும் நீர்தான் கீழ் ஏரிக்கு வரத்து. வாய்க்காலின் மேல் எழும் ஒரு சிறு சுவர் அடுத்த ஊரின் வயலைக் காயவிடலாம். பெருமழையில் இவ்வூரின் தெருவையே மூழ்கடிக்கலாம். கேடு நேர்வது விண்ணப்பத்தில் பெயரில்லாத மனிதருக்கு.

'வள்ளுவர் கோட்டமே ஏரி நிலத்தில்தானே எழுந்தது? எளியவனின் கொட்டகை மட்டுமா கண்ணை உறுத்துகிறது?' என்று சிலர் கேட்பர். அக்கேள்வியில் நியாயம் உண்டு. ஆயினும் பிறர் இழைத்த அநீதி நமக்கு அனுமதிச் சீட்டாகாது. அநியாயமாக ஒரு சாண் நிலத்தைக் கவர்ந்தவருக்கு ஏழு பூமிகள் கழுத்தில் மாலையாக்கப்படும் என்ற நபிமொழி, கவர்ந்தவர் எளியவரா வலியவரா என்று பார்க்கவில்லை.

ஆகவே, சகோதரர்களே, மனுவில் கையொப்பமிடுமுன் மூன்றைத் தெளிவாக்கிக் கொள்ளுங்கள். இடம் உண்மையிலேயே பட்டா நிலமா, நீர்நிலைப் புறம்போக்கா என்பதை அளவையரைக் கொண்டு உறுதிசெய்யுங்கள். புறம்போக்கெனில் அங்கேயே நிறுத்துங்கள். கொட்டகையைக் கரை, மதகு, கலங்கு, வாய்க்கால் ஆகியவற்றிலிருந்து விலக்கி, நிலத்தின் மேட்டுப் பகுதியில் அமைக்க வழியுண்டா என்று பாருங்கள். பெரும்பாலும் அதுவே விலக்கின் தேவையை நீக்கிவிடும். கீழ்ப் பாசன விவசாயிகளிடம், அவர்கள் எம்மதத்தவராயினும், முன்கூட்டியே சொல்லுங்கள்.

கட்டிவிட்டுப் பின்னர் வரன்முறைப்படுத்திக் கொள்ளலாம் என்னும் பழக்கம் நம்மிடமிருந்து ஒழியட்டும். அதிகாரி தரும் விலக்கு விதியை மட்டுமே தளர்த்தும். அண்டை வயலுக்காரரின் தண்ணீர் உரிமையைத் தளர்த்தும் அதிகாரம் அவருக்கில்லை. அதற்கான கணக்கை மறுமையில் நாமே கொடுக்கவேண்டும்.