அடி பட்ட பிறகு கேடயம்

மேசையைச் சுற்றி அமர்ந்து ஆடும் கற்பனைக் கதை ஆட்டங்களில் சண்டை இருவகைப்படும். ஒன்று அரக்கர்களோடு நிகழ்வது. மற்றது விதிப்புத்தகத்தைப் புரட்டியபடி நண்பர்களோடு நிகழ்வது. இரண்டாவதில் பட்ட காயமே ஆறத் தாமதமாகிறது என்பது எங்கள் அனுபவம்.

கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் இருவரும் உருவாக்கிய 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' 1974இல் வெளிவந்தது. ஆடுவோர் ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்க, உலகையும் பகைவரையும் 'டன்ஜன் மாஸ்டர்' ஏற்கிறார். ஒரு செயல் வென்றதா தோற்றதா என்பதைப் பகடை சொல்லிவிடும். எது முன், எது பின் என்பதை அது சொல்வதில்லை. வழக்கு பிறப்பது அங்கேதான்.

2014இல் வந்த ஐந்தாம் பதிப்பின் 'ஷீல்ட்' மந்திரத்தையே எடுத்துக்கொள்வோம். அடி பட்டது என்று தெரிந்த பிறகு ஏவும் மந்திரம் இது. ஏவினால் தற்காப்பு எண் 5 கூடும். பட்ட அந்த அடிக்கும் அது பொருந்தும். 15ஐ வென்ற 17, இப்போது 20க்கு எதிரே தோற்றுப்போகிறது. நடந்தது நடவாததாகிறது. ஆனால் மாஸ்டர் சேதத்தையும் உருட்டி, "நீ வீழ்ந்தாய்" என்று சொல்லிவிட்ட பின் ஏவலாமா? எங்கள் மேசையில் ஒருவருக்கு இதை அனுமதித்தோம். சில வாரங்கள் கழித்து இன்னொருவருக்கு மறுத்தோம். மறுக்கப்பட்டவர் அடுத்த மாதம் வரவில்லை. அவர் பாத்திரம் மாண்டது அவருக்குப் பெரிதில்லை. தராசு மாறியதுதான் உறுத்தியது.

'மேஜிக்: த கேதரிங்' சீட்டாட்டம் இச்சிக்கலை 1999இல் ஆறாம் பதிப்பின் விதிகளால் தீர்க்க முயன்றது. சீட்டுகளின் விளைவுகள் தட்டுகள்போல் அடுக்கப்படும். கடைசியில் வைத்தது முதலில் நிகழும். டன்ஜன்ஸுக்கோ 2017இல் 'ஸனதார்ஸ் கைட் டு எவ்ரிதிங்' நூல் ஒரு விருப்பவிதி தந்தது: ஒரே கணத்தில் பல நிகழ்ந்தால், யாருடைய முறையோ அவரே வரிசையைத் தீர்மானிக்கலாம். கதை சொல்லும் ஆட்டத்துக்கு இத்தனை சட்டம் எதற்கு என்று கேட்போர் உண்டு. கதையிலும் முன்பின் குலைந்தால் கேட்பவர் நம்பிக்கை போய்விடும் என்பதே எங்கள் பதில். இவ்விதிகள் முற்றிலும் நியாயமானவை என்று வாதிட மாட்டோம். பகடை உருளும் முன்பே அனைவருக்கும் தெரிந்தவை என்பதே அவற்றின் சிறப்பு. விளைவு தெரிந்த பின் வழங்கும் தீர்ப்பு, எவ்வளவு நேர்மையானதாயினும், யாரோ ஒருவருக்குச் செய்த சலுகையாகவே தோன்றும்.

ஐயம் எழுந்தால் மாஸ்டர் உடனே ஒன்றைச் சொல்லட்டும், ஆட்டம் தொடரட்டும். முடிந்த பின் எல்லோரும் சேர்ந்து நூலைப் பார்ப்போம். அங்கே எடுக்கும் முடிவு அடுத்த அமர்விலிருந்து எல்லோருக்கும் பொருந்தும்; பழைய சாவுகளைத் திருத்தாது.

இப்போது எங்கள் மேசையில் "பட்டது" என்று சொன்னதும் மாஸ்டர் சேதப்பகடையைத் தொடாமல் ஒரு மூச்சு காத்திருக்கிறார். விலகிய நண்பரிடம் தவறு எங்களுடையது என்று சொன்னோம். புதிய பாத்திரத்தோடு திரும்பி வந்திருக்கிறார்.