ஒட்டுத்துணியில் ஒரு கோடை

கோடை விடுமுறையில் நம் பிள்ளைகளின் பொழுதைக் கைப்பேசி விழுங்குகிறது. பழைய கைலிகளும் துப்பட்டாக்களும் குப்பைக்குப் போகின்றன. திருவேற்காட்டு இல்லங்களும் இதற்கு விலக்கல்ல. இவ்விரு விரயங்களையும் தடுக்க ஊசியும் நூலும் போதும்.

கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டத்தில் வாழும் ஆப்பிரிக்க வழித்தோன்றல்களான சித்தி இனப் பெண்கள், பழந்துணிகளை ஒட்டித் தைத்துக் ‘கவந்தி’ என்னும் போர்வை செய்கின்றனர். அவர்களுள் முஸ்லிம்களும் உண்டு. ஓரங்களில் தொடங்கி நடுவை நோக்கித் தைப்பதும், மூலைகளில் துணிமடிப்பால் ‘பூ’ வைப்பதும் அவர்கள் மரபு.

சாயத்திற்கு அடுக்களையே போதும். படிகார நீரில் ஊறிய பருத்தித் துணியை, மாதுளைத் தோல் கொதித்த நீரில் இட்டால் மஞ்சள் நிறம் பிடிக்கும். மஞ்சள்தூளின் நிறமோ வெயிலில் விரைவில் வெளுக்கும். இரசாயனச் சாயம் வேண்டாம்; நம்மூர் வழியே ஓடும் கூவம் ஏற்கெனவே சுமப்பது போதும்.

இதைப் பெண்பிள்ளைகளின் வேலையென ஒதுக்காதீர்கள். நபி (ஸல்) அவர்கள் தம் ஆடையைத் தாமே தைத்துக்கொண்டதை அன்னை ஆயிஷா (ரலி) அறிவிக்கிறார்கள். அன்னை ஜைனப் பின்த் ஜஹ்ஷ் (ரலி) தம் கைத்தொழிலின் வருவாயைத் தர்மம் செய்தார்கள். ஒட்டுப்போடுவது வறுமையின் அடையாளம் என்னும் வெட்கத்தை நாம் விட்டால், பிள்ளைகளும் விடுவார்கள். அவர்கள் தைக்கும் போர்வைகளுள் சிறந்ததைத் தேவையுள்ளவருக்கு அவர்கள் கையாலேயே கொடுக்கச் செய்வோம்.