நாற்காலியை விடாத கவர்னர்

நம்மூர் மயில்கொன்றைக்குத் தாவரவியலில் ‘பாயின்சியானா’ என்றொரு பழைய பெயர் உண்டு. அது புவான்சி என்ற பிரெஞ்சு கவர்னரின் பெயரிலிருந்து வந்தது. 1639-ல் கரீபியன் கடலிலுள்ள செயின்ட் கிட்ஸ் தீவுக்கு வந்தவர், லேசுப்பட்ட ஆளில்லை!

1645-ல் அவருக்குப் பதிலாக, சிறுவன் 14-ம் லூயியின் ஆணையோடு துவாசி என்பவர் வந்தார். புவான்சி அவரைத் தீவில் இறங்கவே விடவில்லை. மார்த்தினிக் தீவில் ஒதுங்கியவரை 1647-ல் பிடித்து, பிரான்சுக்கே கப்பலேற்றிவிட்டார். பாரிசிலிருந்து யார் வந்து கேட்பது?

தீவுகளை நடத்திய கம்பெனி நொடித்துப்போக, தான் சார்ந்த மால்டா வீரத்துறவியர் சபையை 1651-ல் அவற்றை வாங்க வைத்தார். 1660-ல் இறக்கும்வரை அவரே கவர்னர்.

அவருடைய மாளிகையையொட்டி ஆப்பிரிக்க அடிமைகளின் குடியிருப்பு இருந்தது. அதன் பெயர், ‘அங்கோலா’.